ஸ்கேலின் மறுமுனை

பஸ் குலுங்கினாலும் குத்தாது சார், பயப்படாமல் உட்காருங்கள். முனையெல்லாம் அரம் போட்டு மழுக்கியிருக்கிறது. பை சின்னது, அதனால்தான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

என்னவென்று கேட்கத் தயங்குகிறீர்கள். எல்லோரும் தயங்குவார்கள். ஏனென்றால் முதலில் கண் போவது இதன் மேல் இல்லை, என் இடது கை மேல். பாருங்கள், பரவாயில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பவர் பிரஸ்ஸில், தகடு அழுத்துகிற மெஷினில் போனது. மூன்று விரல். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். இது இந்தக் கைக்காகச் செய்தது. என் மகள் செய்தாள். தாரிகா என்று பெயர், பத்தாவது படிக்கிறாள். இரண்டு மில்லி அலுமினியத் தகடு. உள்ளங்கையில் இது இப்படி உட்கார வேண்டும், இந்த ரப்பர் பாதம் கீழே வர வேண்டும். அதை வைத்து ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் கோடு போடலாம்.

ஆனால் உட்காராது. போட்டுக் காட்டுகிறேன். பார்த்தீர்களா, பெருவிரல் போக வேண்டிய இடத்தில் தகடு சுவர் மாதிரி மறிக்கிறது. இப்போது வலது கையில் பாருங்கள். மூன்று விரலை மடக்கிக்கொண்டால் அச்சில் வார்த்த மாதிரி உட்காருகிறது. நன்றாக இருக்கிற கைக்கு அருமையாகப் பொருந்துகிறது. இடது கைக்குச் செய்தது வலது கைக்கு வந்துவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். இதைப் பார்த்துத்தான் அவளுக்கு மார்க்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஆள். பெயர் இளம்பரிதி.

நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பாடம் எடுக்கிறோம். டிசைன் அண்டு டெக்னாலஜி. பிள்ளைகள் டி.டி. என்பார்கள். வெளிநாட்டுப் பாடத்திட்டம் வைத்திருக்கிற பள்ளிக்கூடம், அதனால் இந்தப் பாடம் உண்டு. ஒரு ஆளுக்கு என்ன தேவை என்று பார்த்து, அதற்கு ஒரு பொருளை யோசித்து, வரைந்து, செய்து, அந்த ஆளிடமே கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆளை கிளையன்ட் என்பார்கள். கை போன பிறகு, அதுவரை நான் இருந்த கம்பெனியின் டூல் ரூமில் எனக்கு வேலை இல்லை. இங்கே சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு வருஷம் அந்த ஒர்க்‌ஷாப்பில் நான்தான் எல்லாம். வைஸ் எங்கே இருக்க வேண்டும், அரம் எந்தப் பக்கம் தொங்க வேண்டும், எல்லாம் நான் சொன்னபடி. அதற்குப் பிறகுதான் அவன் வந்தான். அகமதாபாத்தில் டிசைன் படித்தவன். இருபத்தொன்பது வயது. கேன்வாஸ் ஷூ.

அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எதுவும் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். குரல் உயர்த்த மாட்டான். வேலை தெரியும். மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வராமல் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவான். அதுவும் தப்பில்லை. சும்மா சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. தகட்டில் கோடு போட வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்கேலின் மறுமுனையைப் பிடிக்க, ஒருவர் ஸ்கிரைபர் ஊசியால் கீற வேண்டும். "ஒத்தக் கையில புடிச்சா நகரும், நகர்ந்தா தகடு வீண்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நான் கோடு போடும்போதும் ஒரு பிள்ளை வந்து மறுமுனையைப் பிடிக்கும். பதினோரு வருஷம் எவரும் ஏன் என்று கேட்டதில்லை. துல்லியத்துக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். துல்லியத்துக்காகத்தான்.

அவன் வந்த முதல் வாரமே கேட்டான்.

"ஏன் சார் ரெண்டு பேரு?"

"கோடு நேரா வரோணும்ல."

சரிங்க சார் என்று போய்விட்டான். மறுநாள் இரண்டு சின்ன காந்தத்தைக் கொண்டுவந்து, ஸ்கேலை இரும்புத் தகட்டின் மேல் வைத்து, இந்த முனையில் ஒன்று அந்த முனையில் ஒன்று ஒட்டினான். ஒற்றை ஆளாகக் கோடு போட்டான். நேராகத்தான் வந்தது. ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைகள் பாக்கெட்டிலும் காந்தம். அதற்கப்புறம் நான் ஸ்கேலை எடுத்தால், யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் கூப்பிட வேண்டும்.

என்னிடமும் இரண்டு காந்தம் கொடுத்தான். டிராயரில் கிடக்கிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்று அவனிடம் சொன்னேன். "கரெக்ட் சார், அத யோசிக்கல" என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். அப்படி ஒத்துக்கொண்டால் மேலே என்ன பேசுவது?

தாரிகா ஆறு வயதிலிருந்து என் ஸ்கேலைப் பிடித்தவள். வீட்டில் சின்னச் சின்ன வரைபட வேலை எடுத்துச் செய்வேன். எதிரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மறுமுனையை அழுத்திக்கொள்வாள். விளையாட்டாகத்தான். டி.டி. பாடத்தை அவள் எடுத்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் ரூல் இருக்கிறது. சொந்தப் பிள்ளையின் பிராஜெக்டைத் தகப்பன் மேற்பார்க்கக் கூடாது. அதனால் அவள் அவன் பேட்ச்சுக்குப் போனாள். ரூல் என்றால் ரூல்தான், நான் மறுக்கவில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

போனாள், அத்தோடு வீட்டில் புதுப் பாட்டு. "பரிதி சார் சொன்னாரு." ஒருநாள் எண்ணினேன் சார். இரண்டு தோசை முடிவதற்குள் ஏழு தடவை. எட்டாவது தடவை நான் எழுந்து கை கழுவிவிட்டேன். என் சம்சாரம் வசந்தாமணி, அவள் ஒருபடி மேலே. தக்காளிச் சாதம் செய்தால் மகளுக்கு இரண்டு டப்பா கட்டிக் கொடுக்கிறாள்.

"ரெண்டாவது டப்பா யாருக்கு?"

"அந்தப் பையனுக்குத்தான். ரூமெடுத்துத் தங்கியிருக்குதாம், ஓட்டல்ல திங்குதாம். பாவம்."

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் மூணு வேளையும் போடறனே."

பிராஜெக்ட் என்ன என்று மகளிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். "நீங்க கேக்கக் கூடாதுப்பா, ரூல்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கிளையன்ட் யார் என்றும் சொல்லவில்லை. நான் அதற்கப்புறம் அவள் நோட்டையே தொடவில்லை. அவளாகக் காட்டட்டும் என்று இருந்தேன். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

நடுவில் அவன் ஒன்று செய்தான். ஒரு தட்டில் ஈர பிளாஸ்டரைக் குழைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், உங்க லெஃப்ட் ஹேண்டை இதுல ஒரு தடவ அழுத்திக் குடுக்க முடியுங்களா? அச்சு எடுக்கணும்."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு, எக்ஸிபிஷன்ல வெக்கறதுக்கா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "சாரி சார். நான் தனியா கேட்டிருக்கணும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், வசந்தா சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். தாரிகா ஒரு பெரிய உருண்டையை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, இதை லெஃப்ட் கையில நல்லா அமுக்குங்க" என்கிறாள். எதற்கு என்றால் சும்மா என்றாள். மகள் கேட்டால் மாட்டேன் என்று சொல்வேனா, அமுக்கினேன். அதைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, ஃப்ரிஜ்ஜில் மூன்று நாள் வைத்திருந்தாள். அன்றைக்கு எனக்கு இரண்டே சப்பாத்தி. அவன் பழக்கிய பழக்கம், சாப்பிடுகிற மாவை வீணாக்குவது.

இப்போது கேட்டால் உங்களுக்கே விளங்குகிறது இல்லையா. எனக்கு அப்போது விளங்கவில்லை.

சரி, கோணல் எங்கே வந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் தொழில் விஷயம், ஆனால் லேசுதான். ஒரு பொருளைத் தாளில் மூன்று தோற்றமாக வரைவோம். முன்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இடது பக்கம் நின்று பார்த்த தோற்றத்தைத் தாளின் வலது பக்கத்தில் வரைந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதையே இடது பக்கத்தில் வரைந்தால் தேர்டு ஆங்கிள். இங்கே நாம் படித்தது முதல் முறை, அமெரிக்காவில் இரண்டாவது. எந்த முறையில் வரைந்திருக்கிறது என்று காட்ட, வலது கீழ் மூலையில் ஒரு சின்ன அடையாளம் போட வேண்டும். தலை வெட்டிய கூம்பு, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். அவ்வளவுதான், பத்து விநாடி வேலை. அது இல்லாவிட்டால் பட்டறைக்காரன் தன் பழக்கப்படி படிப்பான். அவன் பழக்கம் வேறாக இருந்தால் பொருள் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி வரும். வலது இடதாக, இடது வலதாக.

நான் என் பிள்ளைகளிடம் அந்த அடையாளத்தைப் பற்றிப் பெரிதாகச் சொன்னதில்லை. "நம்ம ஊர்ல எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான், சிம்பல் போடாட்டியும் தெரியும்" என்று சொல்லுவேன். உண்மைதானே. நான் டூல் ரூமில் இருந்த காலத்தில் அது உண்மை.

தை மாதக் கடைசி. கேள்வித்தாள் பிரதி எடுக்க ஆபீசுக்குப் போயிருந்தேன். சரோஜா அக்கா, ஆபீஸ் வேலை பார்க்கிற அம்மா, ஒரு பழுப்புக் கவரை நீட்டினார்.

"சார், இது திருமூர்த்தி பட்டறைக்குப் போகோணுமாமா. பரிதி சார் வெச்சுட்டுப் போனாரு. தகடு வளைக்கற வேலையாமா. இன்னும் ஒட்டல, நீங்க வேணா ஒருக்காப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா."

திருமூர்த்தி என் பழைய சிநேகிதன். ஒரே டூல் ரூமில் இருந்தோம். இப்போது சிட்கோ தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை. போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "இப்பெல்லாம் நமக்கு அமெரிக்கா ஆர்டர்தான்டா. பசங்களுக்குத் தேர்டு ஆங்கிள் தவிர வேற ஒண்ணும் தெரியாது" என்று பெருமையாகச் சொன்னான். அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். பரிதிக்குத் தெரியாது.

கவரிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். கையால் வரைந்த படம். கம்ப்யூட்டர் இல்லை. கோடுகள் நல்ல கோடுகள் சார். மூலையில் இரண்டு கோடும் ஒன்றையொன்று ஒரு மயிரிழை தாண்டிப் போகும், அது நான் சொல்லிக்கொடுக்கிற பாணி. என் பாணியையும் எடுத்துக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பேர் இல்லை. பரீட்சைப் படம் என்பதால் எண் மட்டும். பொருள் என்னவென்று புரியவில்லை. ஏதோ கைப்பிடி, பறவைக் கால் மாதிரி. கீழே சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து, நீளமாக வாலை இழுத்து.

வலது மூலை காலியாக இருந்தது.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஃபர்ஸ்ட் ஆங்கிளில் வரைந்திருக்கிறது, அடையாளம் இல்லை, போவது தேர்டு ஆங்கிள் பட்டறைக்கு. திரும்பித்தான் வரும். வேறு வழியே இல்லை. என் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, பாருங்கள், இதே பென்சில்.

"செரியா இருக்குதுங்களா சார்?" என்றார் சரோஜா அக்கா.

"இருக்குதுங்க" என்றேன்.

தாளை மடிப்பு மாறாமல் உள்ளே வைத்தேன். நானே பசை தடவி ஒட்டிக் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். என்னிடம் யாரும் காட்டவில்லையே சார். சரிபார்த்தவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அகமதாபாத்தில் படித்தவன். அவன் பார்த்ததற்கு மேல் நான் என்ன பார்ப்பது? ஏதோ ஒரு பிள்ளைக்கு மார்க் போகும் என்று தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. அது அவனுடைய பிள்ளை என்று நினைத்தேன்.

எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். அவன் எதிரில் வந்தால் நானாகவே வணக்கம் சொன்னேன். சாயங்காலம் தாரிகா "பரிதி சார்" என்று ஆரம்பித்தாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வசந்தாகூட, "என்ன, ரெண்டு நாளா மூஞ்சி தெளிவா இருக்குது" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாரிகா வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, கையக் குடுங்க" என்றாள். இடது கையைப் பிடித்து, துணியில் சுற்றி வைத்திருந்த இதை எடுத்தாள். முனையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அரம் போட்டு, பாதமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு இன்னும் புரியவில்லை. கையில் வைத்தாள். ஏறவில்லை. திருப்பினாள். தலைகீழாக்கினாள். இன்னொரு தடவை திருப்பினாள். அப்புறம் தன் வலது கையில் வைத்துப் பார்த்தாள்.

"திரும்பிருச்சு" என்றாள். மெதுவாக.

அழவில்லை. பையிலிருந்து படத்தின் நகலை எடுத்து மேஜையில் விரித்தாள். காலியாக இருந்த அந்த மூலையில் விரலை வைத்தாள். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். பறவைக் கால். என் கை.

"சிம்பல் போடலப்பா. நான்தான் போடல. நம்ம ஊர்ல வேண்டாம்னு நீங்க சொல்லுவீங்களே."

"உங்க சார் பாத்தாரா?"

"பாத்தாரு. அவரும் கவனிக்கல."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவரும் கவனிக்கல என்று அவள் சொன்னாள் பாருங்கள், அந்த ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கை அவள் கையில் இருக்கிறது, எதிரில் அந்தப் படம் இருக்கிறது, அப்போதும். அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது.

"எதுக்கு சாமி இதெல்லாம்? எனக்கு ஸ்கேல் புடிக்கறதுக்கு ஆளா இல்ல?" என்றேன்.

"நான் காலேஜ் போயிட்டா யாரு புடிப்பா?" என்றாள்.

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆறு வயதிலிருந்தே தெரிந்திருக்குமோ என்னவோ. நான் துல்லியத்துக்காக என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் பெல் அடிப்பதற்குள் பரிதி என்னிடம் வந்துவிட்டான்.

"சார், என் தப்பு. நான்தான் செக் பண்ணேன். மூலையப் பாக்கவே இல்ல. உங்ககிட்ட ஒரு தடவ காட்டியிருந்தா உடனே புடிச்சிருப்பீங்க. கிளையன்டே நீங்கங்கறதால காட்ட முடியல. தாரிகா சர்ப்ரைஸா வெச்சிருந்தா. என்னை மன்னிச்சிருங்க."

கண்ணைப் பார்த்துச் சொல்கிறான் சார். உடனே புடிச்சிருப்பீங்க என்கிறான். பரவால்ல என்றேன். மன்னிப்புக் கேட்பதிலும் அவன் முந்திக்கொண்டான். அப்புறம் நான் போய் யாரிடம் எதைக் கேட்பது?

வேறு ஒன்று செய்யலாம் என்றேன். நான் வரைகிறேன், திருமூர்த்தி ஒரு மணி நேரத்தில் வளைத்துக் கொடுத்துவிடுவான் என்றேன். தலையை ஆட்டினான். வேண்டாமாம். செய்தால் அவளே வரைந்து முடிக்க வேண்டுமாம், வளைக்க மட்டும்தான் வெளியே கொடுக்கலாமாம், அதற்கு நாள் இல்லையாம். திரும்பி வந்ததை அப்படியே வைத்து, ஏன் திரும்பியது என்று அவள் எழுதினாலே போதுமாம், சோதனை என்ற பகுதிக்குத் தனி மார்க் உண்டாம். பொருந்தாத பொருளுக்கு மார்க். இதுதான் அவன் படித்த படிப்பு.

அவளும் எழுதினாள். ஒன்றரைப் பக்கம், இங்கிலீஷில். மேஜை மேல் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள், படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும். "முறையைக் காட்டும் அடையாளத்தை நான் விட்டுவிட்டேன். படத்தை அனுப்புவதற்கு முன்னும் பின்னும் மூன்று பேர் பார்த்தோம். நான், என் ஆசிரியர், பட்டறைக்காரர். மூவரும் கவனிக்கவில்லை."

மூன்று பேர் என்று எழுதியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் வேண்டாம் சார். அது எதற்கு? பொருள் சரியாக இருந்தால் அந்தப் பக்கமே தேவையில்லை, கிழித்துவிடலாம். அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அரைநாள் லீவு. ஒர்க்‌ஷாப் லாக்கர் சாவி என்னிடம் ஒன்று உண்டு, அவள் லாக்கரைத் திறந்து இதை எடுத்துக்கொண்டேன். திருமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் இடது கைக்குச் சரியாக ஒன்று செய்து அதே இடத்தில் வைத்துவிடுவேன். நாளைக்குத் திறந்து பார்ப்பாள். நான் சொல்லவே வேண்டியதில்லை.

இதையே திருப்பி வளைக்க முடியாதா என்கிறீர்களா? அலுமினியத்தை ஒருமுறை வளைத்த இடத்தில் மறுபக்கம் வளைத்தால் வெடித்துவிடும். புதிதாகத்தான் வெட்ட வேண்டும். இது அளவுக்காகக் கொண்டுபோகிறேன். அப்புறம் இதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம்.

அவளுக்குத் தெரியுமா என்றால், இல்லை, தெரியாது. சொன்னால் வேண்டாம் என்பாள். அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்வாள்.

கொஞ்சம் இருங்கள். போன். பாருங்கள், யார் பேர் வருகிறது என்று. பரிதி சார். நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவான். அடிக்கட்டும். விட்டுவிட்டது. திரும்பவும் அடிக்கிறான். எடுக்காவிட்டால் விடமாட்டான்.

ஹலோ, சொல்லுங்க சார். ... யாரு? அம்மிணி, நீயா. ... ஆமா. நாந்தான் எடுத்தேன். ... இல்ல, ஒண்ணும் பண்ணல. ... பஸ்ல இருக்கறேன். ... சும்மாதான். ... செரி. ... செரி சாமி. ... இன்னும் எழுதல. பாக்கெட்லதான் இருக்குது. ... செரி, வெச்சுர்றேன்.

அவள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, அவன் போனிலிருந்து பேசுகிறாள். லாக்கரில் காணோம் என்று பதறியிருக்கிறாள். பரிதி சொன்னானாம், "உங்கப்பா கையில போட்டுப் பாக்க எடுத்துட்டுப் போயிருப்பாரு, தேடாத" என்று. எப்போதும் இப்படித்தான். என்னைப் பற்றி அவனுக்கு ஒரு நல்ல எண்ணம்.

ஆனால் அவள் அவன் மாதிரி இல்லை. என் மகள். "அப்பா, அத ஒண்ணும் பண்ணிராதீங்க. அது அப்படியேதான் வேணும்" என்கிறாள். பஸ்ஸில் என்றதும் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. ஃபார்ம் எழுதிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

ஃபார்ம் இதுதான். கிளையன்ட் தன் கையால் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது, வேர்வையில் ஓரம் நனைந்துவிட்டது. மூன்று கேள்விதான். பொருள் தேவைக்குப் பொருந்துகிறதா. என்ன மாற்றம் வேண்டும். மூன்றாவதைப் பாருங்கள். வடிவமைக்கும் கட்டத்தில் நீங்கள் ஏதேனும் கவனித்தீர்களா. எல்லாக் கிளையன்டுக்கும் ஒரே அச்சடித்த ஃபார்ம், எனக்கென்று போட்டதில்லை. "நல்லாயிருக்குதுன்னு சும்மா எழுதிராதீங்கப்பா, நெசத்த எழுதுங்க" என்கிறாள். நெசத்தை.

சிட்கோவா? அதற்குள்ளா? பரவாயில்லை சார், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், வழி விட வேண்டாம். திருமூர்த்தி எங்கே போகிறான், இருப்பான். அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

தாரிகா இந்த ஃபார்மைப் படிப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். அப்பா மகளுக்குள் ஆயிரம் இருக்கும். ஆனால் ஃபார்ம் நேராக அவளிடம் போகாது. மேற்பார்க்கிற ஆசிரியர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவள் கைக்கு வரும். அவன் படிப்பான். ஆபீசில் கவரை ஒட்டிக் கொடுத்தது நான் என்று சரோஜா அக்கா சொல்லி அவனுக்குத் தெரியும், உள்ளே பார்த்திருப்பேன் என்றுதான் அவனுக்குத் தோன்றவில்லை. படித்துவிட்டு என்னிடம் வருவான். கத்தினால்கூட நன்றாக இருக்கும். கத்த மாட்டான். "பரவாயில்லைங்க சார்" என்பான். கண்ணைப் பார்த்துச் சொல்வான். அவன் என்னை மன்னித்துவிடுவான் சார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களிடம் பேனா இருக்கிறதா? பென்சிலால் எழுதக் கூடாதாம். மருந்துக் கம்பெனிப் பேனாவா, நன்றாக எழுதும். நீளமாக எழுதப் போவதில்லை. மூன்று பேர் இல்லை, நான்கு பேர். நான்காவது ஆள் கவனித்தார். அவ்வளவுதான், இரண்டு வரி.

பஸ் ஆடுகிறது, பாருங்கள் தாள் எப்படி வழுக்குகிறது. இந்தக் கையில் நிற்காது. ஒன்று செய்யுங்கள், அந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும். இன்னும் கொஞ்சம் கீழே. ஆம், அங்கேதான். நகர்த்திவிடாதீர்கள்.